சுவடி படிக்கப் போகிறவருக்கு

டீ சொல்லியாகிவிட்டது. வருவதற்குள் ஒரு தாளில் மூன்று வடிவங்களை எழுதிக் காட்டுகிறேன். முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அதற்கடுத்து ஒரு கால். அச்சில் பார்த்தால் ‘கொ’ என்று யோசிக்காமல் படித்துவிடுவோம். பழைய ஓலையில் அப்படிப் படிக்க முடியாது. ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இட மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு காட்ட மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே அந்த மூன்று வடிவங்களைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என்று ஆறு விதமாகப் படிக்கலாம். போதாக்குறைக்கு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டிருக்காது. செய்யுள் முடிந்து உரை தொடங்குமிடத்தில் பல ஏடுகளில் புது வரியும் இருக்காது. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி ஒதுங்கி, ஓலை முடியும்வரை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஆறில் எது என்று முடிவு செய்வதும், ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதை இன்னொருவர் சரிபார்க்கும்படி எழுதிவைப்பதும்தான் ஃபிலாலஜி என்ற படிப்பின் அடிவேலை. நம் பல்கலைக்கழகங்களில் இது ஒரே பெயரில் கிடைக்காது. சுவடியியல் ஒரு தாளாக இருக்கும். பதிப்பியல் இன்னொரு தாள். மூலபாட ஆய்வு, வரலாற்று இலக்கணம், கல்வெட்டியல் எல்லாம் தனித்தனித் துறைகளில் பிரிந்து கிடக்கும். ஐரோப்பாவில் இவை ஒரே பயிற்சியாகச் சேர்ந்திருக்கின்றன. எம்.ஏ. முடித்த கையோடு ‘இதில் மேலே படிக்கலாமா, எங்கே படிப்பது, படித்தால் சோறு கிடைக்குமா’ என்று கேட்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த மொழிக்கும் இந்தப் படிப்பு உண்டு. நான் தமிழ்ச் சுவடியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு நியாயமான சந்தேகத்தைப் பார்த்துவிடுவோம். நமக்குச் சங்க இலக்கியத்தை மீட்டுத் தந்தவர்கள் இப்படி ஒரு பட்டம் வாங்கியா செய்தார்கள்? இல்லை. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. அந்த வேலைகளுக்கு நடுவேதான் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-இல் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் ‘சிந்தாமணி படித்திருக்கிறீர்களா’ என்று கேட்ட பிறகுதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. அந்த ஊர்ச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் மரபிலிருந்து பொருள் கேட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-இல். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வையாபுரிப்பிள்ளை வக்கீலாக இருந்து, தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியராக வந்தவர்.

அப்படியானால் நமக்கெதற்குப் பட்டம் என்றால், அவர்கள் செய்ததைச் சரிபார்க்கத்தான். உ.வே.சா. பதிப்பு ஒன்றை எடுத்து அடிக்குறிப்பைப் பாருங்கள். ‘(பி-ம்.)’ என்று போட்டு ஒரு சொல் இருக்கும். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. ஏதோ ஒரு சுவடியில் அந்த இடத்தில் வேறு பாடம் இருந்தது என்று நேர்மையாகப் பதிந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய காரியம். ஆனால் எந்தச் சுவடியில் என்பது பெரும்பாலும் இருக்காது. முகவுரையில் ஏடு உதவியவர்களின் பெயர்கள் நன்றியோடு வரும். குறிப்பிட்ட பாடம் யாருடைய ஏட்டில் இருந்தது என்று அதைக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. அந்த ஏடுகளில் சில இன்று இல்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அச்சுப் புத்தகங்களோடு சுவடிகளும் சாம்பலாயின. சாட்சி போய்விட்டால் சாட்சி சொன்னதை யார் எழுதிவைத்தார்கள், எப்படி எழுதிவைத்தார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். எழுதிவைக்கும் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கத்தான் வகுப்பும் ஆசிரியரும் சில வருடங்களும் தேவைப்படுகின்றன.

அந்த ஒழுங்கின் நடு நரம்பு ஒன்றுண்டு. அதை மட்டும் விளங்கிக்கொண்டால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று இப்போதே தெரிந்துவிடும்.

பெர்லினில் பேராசிரியராக இருந்த கார்ல் லாக்மன், லத்தீன் கவி லுக்ரீஷியஸின் நூலை 1850-இல் பதிப்பித்தார். அந்தத் தலைமுறை அறிஞர்கள் வளர்த்தெடுத்த முறை லாக்மன் பெயராலேயே நிலைத்துவிட்டது. 1927-இல் பால் மாஸ் அதை ஒரு சிறு நூலில் கணிதச் சுருக்கத்தோடு எழுதினார். முறையின் அடிப்படை இவ்வளவுதான்: இரண்டு ஏடுகள் ஒன்றுக்கொன்று உறவா என்பதைச் சரியான பாடம் காட்டாது, பிழைதான் காட்டும். பரீட்சையில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சுப் பையன்கள் இருவரும் சரியான விடையை எழுதியிருந்தால் வாத்தியார் ஒன்றும் சொல்ல மாட்டார். இருவரும் ஒரே விசித்திரமான தப்பைச் செய்திருந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்.

நான்கு ஏடுகள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுவோம். இ-யிலும் ஈ-யிலும் ஒரு பாட்டின் ஐந்தாம் அடி இல்லை. அ-வைப் பார்த்தால் காரணம் தெரிகிறது: நான்காம் அடியும் ஐந்தாம் அடியும் ஒரே சொல்லில் முடிகின்றன. எழுதியவர் நான்காம் அடியை முடித்துவிட்டுத் திரும்ப ஏட்டைப் பார்த்தபோது, கண் கீழே இருந்த அதே சொல்லில் போய் விழுந்துவிட்டது. ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருவருக்கும் நேர்ந்திருக்கலாம். அதே இரண்டு ஏடுகளிலும் வேறு நாலைந்து இடங்களில் அதே மாதிரி ஒரே பிழை இருந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது. இன்னும் போகப்போக, இ-யில் உள்ள பிழை ஒன்றுவிடாமல் ஈ-யிலும் இருக்கிறது, அதற்கு மேல் ஈ-க்குச் சொந்தமான புதுப் பிழைகளும் இருக்கின்றன என்று தெரிகிறது. அப்படியானால் ஈ, இ-யைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும். மூலம் கையில் இருக்கும்போது அதன் நகலுக்குத் தனிச் சாட்சியம் கிடையாது, ஈ-யை ஒதுக்கிவிடலாம். அ-வும் ஆ-வும் தமக்குள் சில பிழைகளைப் பகிர்ந்துகொண்டால், அவை இரண்டும் தொலைந்துபோன ஒரு பொது மூலத்திலிருந்து வந்தவை. ஆக நம் கையில் நான்கு ஏடுகள் இருந்தாலும் சாட்சி இரண்டுதான். ‘மூன்று ஏட்டில் இப்படி இருக்கிறது, ஒன்றில்தான் மாறியிருக்கிறது, எனவே மூன்று பேர் சொல்வதே சரி’ என்று வாக்கெடுப்பு நடத்துவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது தெரியும். நம் ஊரில் இன்றும் அப்படி வாக்கெடுப்பு நடத்தும் ஆய்வேடுகள் வருகின்றன.

எல்லாப் பிழையையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ண–ன, ர–ற, ல–ள மயக்கத்தை எவரும் எங்கிருந்தும் தனித்தனியாகச் செய்வார்கள். அதை வைத்து உறவு பேசக்கூடாது. இன்னொரு சிக்கல், ஏட்டைப் பெயர்த்தெழுதிய புலவரிடம் சில சமயம் இரண்டு ஏடுகள் இருந்திருக்கும். ஒன்றைப் பார்த்து எழுதும்போதே மற்றதையும் பார்த்துத் திருத்துவார். பாட்டு மனப்பாடமாக இருந்தால் கண் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் குடும்ப மரம் குழம்பிப்போகும். பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பெடியே 1928-இல் இன்னொரு சங்கடமான கேள்வியையும் எழுப்பினார்: பதிப்பாசிரியர்கள் வரையும் மரங்களில் இவ்வளவு பெரும்பான்மை ஏன் இரண்டே கிளைகளில் போய் முடிகிறது? இரண்டு கிளை என்றால் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை பதிப்பாசிரியருக்குக் கிடைத்துவிடுகிறது, அதனால்தானோ என்று கேட்டார். நூறாண்டாகப் போகிறது, அந்தக் கேள்வி இன்னும் வகுப்புகளில் ஓயவில்லை. இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தன் முறையைத் தானே சந்தேகிக்கச் சொல்லித்தரும் படிப்புகள் அதிகம் இல்லை.

தமிழுக்கு வேறு சில துணைகள் இருக்கின்றன. அவை மற்ற பல மொழிக்காரர்களுக்குக் கிடைக்காத செல்வம். இன்று நம் கையில் இருக்கும் சங்க நூல் ஏடுகள் பெரும்பாலும் கடந்த சில நூற்றாண்டுகளில் பெயர்த்தெழுதப்பட்டவை. சில நூல்களுக்கு விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஏடுகளே உண்டு. ஆனால் இளம்பூரணர், பேராசிரியர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் போன்ற உரைகாரர்கள் தொல்காப்பிய நூற்பாவுக்கு உதாரணம் காட்டும்போது சங்கப் பாட்டின் அடிகளை எடுத்தாள்கிறார்கள். அந்த மேற்கோள், நம்மிடம் உள்ள ஏட்டைவிடப் பழைய ஏடு ஒன்றைப் பார்த்த ஒருவரின் வாக்கு. அதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: உரையும் ஓலை வழியாகத்தான் வந்தது, உரையைப் பெயர்த்தெழுதியவரும் மேற்கோளைத் தனக்குத் தெரிந்த பாடத்துக்கு மாற்றியிருக்கலாம்.

யாப்பு அடுத்த துணை. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீர். ஓர் ஏட்டில் அந்த அடி நான்கு சீராக வந்தால், யாரோ ஒரு சொல்லைப் பொருள் விளங்கட்டும் என்று சேர்த்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மற்ற அடிகளில் ஒரு சீர் குறைந்தால் எங்கோ ஓலை முறிந்திருக்கிறது, அல்லது கண் தாவியிருக்கிறது. எதுகையும் மோனையும் சில இடங்களில் கைகொடுக்கும். அப்புறம் ஒரு பழைய விதி: விளங்காத பாடமும் எளிதாக விளங்கும் பாடமும் எதிரெதிரே நின்றால், கடினமானதற்கு முதல் இடம் கொடுத்துப் பார். பழஞ்சொல்லைப் புழக்கச் சொல்லாக மாற்ற எழுதுபவருக்குக் காரணம் உண்டு. புழக்கச் சொல்லைத் தூக்கிவிட்டு யாருக்கும் தெரியாத சொல்லைப் போட அவருக்குக் காரணம் இல்லை. வெறும் உளறலைக் ‘கடினமான பாடம்’ என்று போற்றிவிடக்கூடாது என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும். எது உளறல், எது அரிய சொல் என்று பிரித்தறியத்தான் அகராதியும் இலக்கணமும் பல வருட வாசிப்பும்.

சரி, வகுப்பில் என்ன நடக்கும்? பெரிய அரங்கத்தில் விரிவுரை நடக்காது. செமினார் என்று இன்று எல்லாத் துறையிலும் நடத்துகிறார்களே, அந்த வடிவத்தை வளர்த்தவர்கள் 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் மொழியறிஞர்கள். 1787-இல் ஹாலே நகரில் வுல்ஃப் தொடங்கிய செமினார் பல இடங்களுக்கு மாதிரியானது. இன்றும் வாசிப்பு வகுப்பு அதே வழியில்தான். ஒரு மேசை, சுற்றி ஏழெட்டுப் பேர், நடுவில் ஒரு பாட்டு. ஒருவர் முதல் அடியை வாசிப்பார், ஒவ்வொரு சொல்லாகப் பிரிப்பார்: இது பெயரா வினையா, வேற்றுமை உருபு எங்கே தொக்கு நிற்கிறது, இந்த எச்சம் எங்கே போய் முடிகிறது, அகராதி என்ன சொல்கிறது, இந்தச் சொல் வேறு எந்தப் பாட்டில் வருகிறது, அங்கே இதே பொருளா. மற்றவர்கள் மறிப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் நாலு அடி முடிந்தால் அது நல்ல நாள்.

இந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தடையைச் சந்திக்கிறார்கள். அதை அவர்களிடம் முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. மொழி தெரிந்த கண் வழுக்கிக்கொண்டு போகும். பக்கத்தில் இருக்கும் செக் நாட்டுப் பெண் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவாள், ஏனென்றால் அவளுக்கு எதுவும் தெரிந்த சொல் இல்லை. நமக்கோ பாதிச் சொற்கள் இன்றும் வாயில் புழங்குபவை. இன்றைய பொருளை அன்றைய சொல்லுக்குள் போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் செய்த தவறும் இதேதான். அவரும் தமிழ் நன்றாகத் தெரிந்தவர், அதனால்தான் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாகத் தன்னையறியாமல் திருத்தினார். முதல் வருடத்தில் உங்கள் வேகத்தைக் குறைப்பதே ஆசிரியரின் முழு வேலையாக இருக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதவர்கள் தேறிவிடுகிறார்கள். வேகம் குறைந்த பிறகு, சிறு வயதிலிருந்து காதில் விழுந்த மொழி என்பது வேறு எவருக்கும் இல்லாத பலமாக மாறும். பனங்காட்டையும் நெய்தல் கரையையும் பார்த்து வளர்ந்தவருக்குப் பாட்டில் ஒரு செடியோ மீனோ எங்கே பொருந்தவில்லை என்று சட்டென்று தட்டுப்படும்.

மொழிகள் பற்றிக் கேட்பீர்கள். வடமொழி வேண்டும். அதில் கவிதை எழுதத் தேவையில்லை, இலக்கணம் தெரிந்து அகராதியோடு படிக்கத் தெரிய வேண்டும். உரைகாரர்களை அது இல்லாமல் முழுதாகப் படிக்க முடியாது. கிரந்த எழுத்து ஓரிரு மாத வேலை, தள்ளிப்போட வேண்டாம். மலையாளமோ கன்னடமோ ஒன்று தெரிந்தால் ஒப்பிடும் கண் திறக்கும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் (முதல் பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) பயன்படுத்தும்போது அது தெரியவரும். ஆங்கிலம் சொல்லவே வேண்டாம். பலருக்கு வியப்பாக இருப்பது ஜெர்மனும் பிரெஞ்சும். பழந்தமிழ் இலக்கணத்தைத் தாமஸ் லேமன் 1994-இல் எழுதினார், ஜெர்மன் மொழியில். ஆங்கிலத்தில் வே.ச. ராஜம் 1992-இல் எழுதிய செவ்வியல் தமிழ்க் கவிதை இலக்கணம் இருக்கிறது, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கே இரண்டின் அருமையும் புரியும். புதுச்சேரியில் வெளியான பிரெஞ்சு ஆய்வுகள் பல இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை. பேச வராவிட்டாலும் பரவாயில்லை, படிக்க வந்தால் போதும்.

எங்கே என்ற கேள்விக்கு என் பதில், ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், ஆசிரியரைப் பாருங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையே தனியாக உண்டு. அதே ஊரில் சரசுவதி மகால் நூலகம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் என்று மூலப்பொருள் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இருக்கிறது. இந்த வசதி ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருப்பவருக்குக் கிடையாது. புதுச்சேரியில் இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக வேலை செய்துவருகின்றன. தி.வே. கோபாலையர் என்ற பெரும்புலவர் அங்கே உட்கார்ந்துதான் ஃபிரான்சுவா குரோவுடன் தேவாரப் பதிப்பைக் கொண்டுவந்தார். ஏவா வில்டன் 2008-இல் நற்றிணைக்குக் கொண்டுவந்த செம்பதிப்பும் அங்கே விளைந்ததுதான். கிடைத்த சுவடிகள் ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்து, அடிதோறும் எது எதில் என்ன பாடம் என்று காட்டும் பதிப்பு அது. ‘(பி-ம்.)’ என்ற குறிப்பிலிருந்து இந்த இடத்துக்கு வரத் தமிழுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிருக்கிறது. புதுச்சேரியில் பழந்தமிழ் வாசிப்புப் பயிலரங்கும் நடத்துவார்கள். மேற்படிப்பு வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்குமுன் ஒரு தடவை போய் உட்கார்ந்து பாருங்கள்.

வெளிநாடு என்றால், ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சுவடிப் பண்பாடுகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. பாரிஸ் தேசிய நூலகத்தில், 1854-இல் புதுச்சேரியில் இறந்த எதுவார் ஆரியேல் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சிகாகோ, பெர்க்லி, ஹார்வர்டு, கனடாவில் டொராண்டோ. பெர்க்லி, ஹார்வர்டு, டொராண்டோ மூன்றிலும் தமிழ் இருக்கைக்குப் புலம்பெயர்ந்த தமிழர்கள் நிதி திரட்டினார்கள். ஜெர்மனியில் முதலில் ஒரு பேராசிரியர் ‘சரி’ என்று சொல்ல வேண்டும், பிறகுதான் பதிவு. அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. சாப்பாட்டுக்கு உதவித்தொகையோ, ஒரு திட்டத்தில் பகுதிநேர வேலையோ பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள்; முதல் இரண்டு வருடம் வகுப்பு, பிறகு தகுதித் தேர்வு, அதற்குப் பிறகே ஆய்வேடு. கட்டணம் தள்ளுபடியும் மாத உதவியும் சேர்ந்தே வரும், பதிலுக்குப் பாடம் நடத்த வேண்டும். இந்தியாவில் 2022 விதிமுறைப்படி எம்.ஃபில். நின்றுவிட்டது, பிஎச்.டி. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். எங்கே படிக்கப் போவதாக இருந்தாலும் அந்தத் தேர்வை எழுதிவைத்துவிடுங்கள். இங்கேயே படிக்க முடிவு செய்தால் அது பெரிய ஆறுதல்.

வேலை விஷயத்தில் சர்க்கரை தடவிப் பேச மாட்டேன். வெளிநாட்டில் இது சிறு துறை. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் திரும்ப நிரப்பப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. படித்து முடித்த பிறகு இரண்டு வருடத் திட்டம், மூன்று வருடத் திட்டம் என்று ஊர் ஊராகப் போவோர் பலர். இங்கே கல்லூரி ஆசிரியப் பணியே பெரும்பாலோருக்கு வழி. அதில் சேர்ந்தால் சுவடிக்கு மிஞ்சுவது சனி ஞாயிறுதான். நூலகங்களில் அட்டவணைப்படுத்தும் வேலை, ஓலைகளை மின்படியாக்கும் திட்டங்கள், அகராதிப் பணி ஆகியவை உண்டு. ஓலைப் படத்திலிருந்து எழுத்தைக் கணினியே படிக்கப் பழக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆரம்பத்தில் பார்த்த அந்த ஆறு வாசிப்பில் எது சரி என்று அதற்குச் சொல்லித்தர, ஓலை படிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும். வீட்டில் யாராவது இப்போதே உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால், முதலில் வேலை, பிறகு பகுதிநேர ஆய்வு என்று போவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தாமோதரம் பிள்ளை அப்படித்தான் செய்தார்.

ஆய்வுத் தலைப்பு பற்றி ஒரு வார்த்தை. ‘சங்க இலக்கியத்தில்’ என்று தொடங்கும் தலைப்பு வேண்டாம். மகாபாரதச் செம்பதிப்பைப் பூனா பண்டார்க்கர் நிறுவனத்தில் தலைமையேற்று நடத்திய வி.எஸ். சுக்தங்கர் பெர்லினில் ஹைன்ரிக் லூடர்ஸிடம் பயின்றவர். அவருடைய ஆய்வேடு சாகடாயன இலக்கணத்தின் முதல் அத்தியாயம், அதில் முதல் பாதம், அதன் உரை. அவ்வளவு சிறிய துண்டு. அதில் கை பழகியவர்தான் பிறகு இந்தியாவின் பல எழுத்துகளில் கிடந்த சுவடிகளை ஒப்பிட்டு, 1933-இல் ஆதிபர்வத்தை வெளியிட்டார். அந்தப் பதிப்பு முழுதாக நிறைவேறியது 1966-இல். அவர் அதைப் பார்க்காமல் 1943-இலேயே இறந்துபோனார். உங்களுக்கும் ஒரு சிறு நூல் போதும்: அச்சில் ஒரே தடவை வந்த ஒரு தூது, நல்ல பதிப்பில்லாத ஒரு பாட்டியல் நூல், ஓர் உரையின் ஒரு இயல். இன்னும் அச்சேறாத மருத்துவச் சுவடிகளும் சோதிடச் சுவடிகளும் கணக்கு நூல்களும் நூலகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சங்கம் மட்டுமே தமிழ் என்ற நினைப்பால் அவற்றின் பக்கம் ஆள் போவதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால், யாருக்கும் விண்ணப்பம் எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள். குறுந்தொகையில் ஐந்து பாட்டு எடுங்கள். சௌரிப்பெருமாள் அரங்கனின் 1915 பதிப்பு, உ.வே.சா.வின் 1937 பதிப்பு, வையாபுரிப்பிள்ளை தலைமையில் 1940-இல் வந்த சங்க இலக்கியத் தொகுதி, மர்ரே ராஜம் பதிப்பு ஆகியவற்றில் அந்த ஐந்தையும் பாருங்கள். பழைய பதிப்புகள் மின்படியாகவே கிடைக்கும். ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு அடியிலும் எழுத்து மாறும் இடம், சொல் பிரியும் இடம், நிறுத்தக்குறி விழும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே போங்கள். மாறும் இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று இரண்டு வரி காரணம் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். இந்த வேலையில் ஒரு சாயங்காலம் போனதே தெரியாமல் போயிற்று என்றால் நீங்கள் இந்தப் படிப்புக்கு ஏற்றவர். சலித்துவிட்டால் இலக்கியத் திறனாய்வுக்குப் போங்கள், அதுவும் நல்ல படிப்பு.

முடித்த நோட்டைத் தட்டச்சு செய்து, நீங்கள் படிக்க விரும்பும் ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்புங்கள். தமிழின் தொன்மை, உங்கள் தணியாத ஆர்வம் பற்றியெல்லாம் அதில் வேண்டாம். எந்த எழுத்துகள் படிக்கத் தெரியும், எந்த மொழிகள் எந்த அளவுக்குத் தெரியும், எந்த நூலைப் பதிப்பிக்க நினைக்கிறீர்கள், அதன் சுவடிகள் எந்த நூலகத்தில் எந்த எண்ணில் இருக்கின்றன என்று மட்டும் எழுதுங்கள். பதில் வர இரண்டு மாதம்கூட ஆகலாம். அதற்குள் கிரந்த எழுத்தைப் படித்து முடித்துவிடலாம்.